இருபத்துநாலாவது கிளாஸ்

தெய்வானை வைத்துவிட்டுப் போன டீ ஆறவே இல்லை. சித்திரை மாதத்து வியாழக்கிழமை, முற்பகல் பதினோரு மணிக்கு, மாட்டுச் சந்தையின் நடுவில் வேப்பமரத்தடிக் கல்லின்மேல் அவள் கொண்டுவந்து வைத்த அந்த ஒரு கிளாஸ் டீ, மூன்று மணிக்கு அவள் சரிந்து விழுந்தபோதும், மறுநாள் அவளை மண்ணில் இறக்கிவிட்டு ஆம்பிளைகள் வாய்க்காலில் தலை முழுகிவிட்டுத் திரும்பியபோதும், ஞாயிற்றுக்கிழமை கோடை மழை தகரத்தையெல்லாம் பிய்த்துப் போட்டபோதும், அடுத்த வியாழன் சந்தை கூடியபோதும், இப்போதுதான் பிடித்து வைத்ததுபோல ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து எருமை ஓட்டி வந்த ஒருவர், யாரோ மறந்துவிட்டுப் போன கிளாஸ் என்று எடுக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டு, "எவன்டா இவன், கொதிக்கக் கொதிக்க வெச்சுப்போட்டுப் போயிருக்கறான்" என்று சத்தம் போட்டார். சுற்றி நின்ற தரகர்கள் அவரவர் மாட்டின் திமிலைத் தடவிக்கொண்டார்கள். அது யாருக்கு வைத்த டீ என்று சந்தைக்கே தெரியும்.

அது வெள்ளிங்கிரிக்கு வைத்த டீ. தெய்வானையின் அப்பன்.

வெள்ளிங்கிரி அந்தச் சந்தையில் முப்பது வருடத் தரகர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்து, சாணியில் வழுக்கி விழுந்து, கொம்பில் குத்துப்பட்டு, ஏமாந்து, ஏச்சு வாங்கி, அத்தனைக்கும் பிறகு ஒரு நாள் காங்கேயம் காளை ஜோடி ஒன்றை எவனும் நம்பாத விலைக்கு முடித்துக் காட்டியவர். அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்வது கிடையாது. விற்பவன் கையும் வாங்குபவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கையோடு சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அது ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். துண்டுக்கு மேலே இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள், பருத்திக்கொட்டையைப் பற்றிப் பேசுவார்கள். துண்டுக்கு அடியில் கழுத்தறுப்பு நடக்கும். வெள்ளிங்கிரியின் விரல் பேசினால் எதிர்க் கை வியர்க்கும் என்பார்கள். எந்த விலையையும் இறக்குவார், எந்த விலையையும் ஏற்றுவார், கோபம் வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். கோபம் அவருக்கு நிமிஷத்துக்கு ஒரு முறை வரும்.

சந்தை வாசலில், சிறப்புப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு தகரக் கொட்டகை பிடித்து டீக்கடை போட்டார்கள். பதினெட்டு வயது தாண்டிய பன்னிரண்டு பேர் அவர்களுடைய வேலைப் பயிற்சி வகுப்பில் இருந்தார்கள். மெழுகுவர்த்தி ஊற்றியும் காகித உறை ஒட்டியும் சலித்துப்போன மெஹருன்னிசா டீச்சர், பிள்ளைகள் செய்ததைப் பாவம் பார்த்து வாங்குகிற சனம் வேண்டாம், தாகம் எடுத்து வாங்குகிற சனம் வேண்டும் என்று கமிட்டியோடு மல்லுக்கட்டி, வியாழக்கிழமை தோறும் அந்தக் கடையைத் திறந்தார். மற்ற நாட்களில் பள்ளிக்கூட வராந்தாவில் கிளாஸ்களில் பச்சைத் தண்ணீர் ஊற்றி ஒத்திகை நடக்கும்.

வேலையை ஏழு துண்டாக நறுக்கி ஏழு படம் வரைந்து டீச்சர் சுவரில் ஒட்டியிருந்தார். கை கழுவு. தட்டில் வை. நட. பேரைச் சொல்லு. முன்னால் வை. குடித்து முடிக்கும்வரை நில்லு. கிளாஸைக் கொண்டு வா. முதலில் ஆறாவது படம் கிடையாது. சந்தைக்காரர்கள் குடித்த கிளாஸைத் தொட்டியில் போடுவதும், வண்டிச் சக்கரத்தடியில் வைப்பதும், கையிலேயே கொண்டுபோய் அடுத்த ஊரில் இறங்கும்போது பார்ப்பதுமாக ஒரே மாதத்தில் பதினோரு கிளாஸ் போய்விட்டது. அதன் பிறகுதான் டீச்சர் ஆறாவதை வரைந்தார். கூடவே, தச்சரிடம் சொல்லி, இருபத்துநாலு வட்டக் குழி போட்ட பலகை ஒன்று செய்து வந்தார். ஒவ்வொரு குழியிலும் ஒரு கிளாஸ் உட்காரும். சாயங்காலம் பலகை நிறைந்தால் அன்றைய வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். எண்ணத் தெரியாதவர்களுக்கும் குழி காலியாக இருப்பது தெரியும் அல்லவா. பலகை பிரகலாதனின் பொறுப்பு. பிரகலாதனுக்கு இருபத்தாறு வயது, யாரும் தொட்டால் பிடிக்காது, எண்களைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டான். இருபத்துநாலாவது கிளாஸை அவன் குழியில் வைத்து "இருபத்துநாலு" என்று சொல்லும்போது மற்ற பதினோரு பேரும் கைதட்டுவார்கள்.

தெய்வானைக்குப் பத்தொன்பது வயது. டவுன் சிண்ட்ரோம் என்று பிறந்தபோதே சொல்லிவிட்டார்கள், இருதயத்தில் ஓட்டை இருக்கிறது என்றும் சொன்னார்கள். கை கழுவ அவளுக்கு மூன்று மாதம் ஆயிற்று. தட்டைச் சாயாமல் பிடிக்க ஐந்து மாதம். நடந்து போகும்போது கன்றுக்குட்டியைக் கண்டால் நின்றுவிடாமல் இருக்க இன்னொரு நான்கு மாதம். ஆனால் ஆறாவது படத்தை ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். டீச்சருக்கே ஆச்சரியம். ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, காத்துக்கொண்டு நிற்பது மட்டும்தான் அவள் பிறந்ததிலிருந்து பழகிய வேலை. அப்பன் சந்தையிலிருந்து வருவதற்கு வாசலில் நிற்பாள். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனபின், அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

நான்காவது படத்தில்தான் தகராறு. மற்றவர்களுக்கெல்லாம் அவள் பேர் சொன்னாள். "நாச்சிமுத்து, டீ." "சேட்டு, டீ." வெள்ளிங்கிரி முன்னால் வந்து நின்றால், "அப்பா, டீ."

முதல் தடவை அவள் அப்படிக் கூப்பிட்டபோது பாலக்காட்டு வியாபாரி ஒருவர் பக்கத்தில் இருந்தார். அவர் திரும்பிப் பார்த்தார். வெள்ளிங்கிரி சிரித்தார். "இந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க எல்லாத்தையும் அப்படித்தானுங் கூப்பிடும்" என்றார். சொல்லிவிட்டு, கொதிக்கிற டீயை இரண்டே மடக்கில் ஊற்றிக்கொண்டு, நாக்கு வெந்துபோன கையோடு கிளாஸை நீட்டினார். அதன் பிறகு ஒவ்வொரு வியாழனும் அப்படித்தான். நிற்கவிட்டால் இன்னொரு முறை கூப்பிட்டுவிடுவாள் என்று, மடக் மடக்கென்று. வெள்ளிங்கிரி மகளின் டீயை ஒரு நாளும் ருசி பார்த்துக் குடித்ததில்லை. சந்தையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு ஆளின் மானத்தைத் துண்டு போட்டு மூடிவிட்டு மேலே மழையைப் பற்றிப் பேசுவதுதான் அந்தச் சந்தையின் மரியாதை.

அந்தச் சித்திரை வியாழனன்று அதே பாலக்காட்டு வியாபாரியின் கை வெள்ளிங்கிரியின் துண்டுக்கு அடியில் இருந்தது. முடிகிற நேரம். தெய்வானை தட்டோடு வந்தாள், கல்லின்மேல் வைத்தாள், "அப்பா, டீ" என்றாள். வியாபாரி துண்டுக்கு அடியிலிருந்து கையை உருவிக்கொண்டார். எல்லாரையும் பேர் சொல்லித்தானே கூப்பிடுகிறது, உங்களை மட்டும் ஏன் இப்படிக் கூப்பிடுகிறது என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் ஆட்களைப் பார்த்துச் சிரித்தார்.

வெள்ளிங்கிரிக்குக் காது மடல் பழுத்துவிட்டது. மகளிடம் திரும்பினார்.

"நில்லு. வந்து குடிக்கறேன்."

சொல்லிவிட்டு, இருபது மைல் தொலைவில் இன்னொரு ஜோடி பார்க்கலாம் என்று வியாபாரியைக் கிளப்பி, அவருடைய லாரியிலேயே ஏறிப் போய்விட்டார். ஆளை அனுப்பியிருக்கலாம். போனில் பேசியிருக்கலாம். அவர்தான் போனார், வேண்டுமென்றேதான் போனார்.

தெய்வானை நின்றாள். பன்னிரண்டு மணிக்கு வேம்பின் நிழல் நகர்ந்து தொட்டிப் பக்கம் போயிற்று. வைத்த கிளாஸை நகர்த்தக் கூடாது என்பது பாடம், அதனால் அவளும் நகரவில்லை. பக்கத்துத் தரகர் நாச்சிமுத்து வந்து, நிழலில் உட்காரு அம்முணி என்றார். "அப்பா இன்னும் குடிக்கல" என்றாள். உங்கப்பன் லாரியில் போயிட்டான் கண்ணு என்றார் இன்னொருவர். "வர்றேன்னு சொல்லுச்சு" என்றாள். நாச்சிமுத்து வெள்ளிங்கிரிக்கு மூன்று முறை போன் போட்டார், மூன்று முறையும் வெள்ளிங்கிரி பேரைப் பார்த்துவிட்டு வெட்டினார். டீச்சர் அன்றைக்குப் பிள்ளைகளின் உதவித்தொகைச் சான்றுக்காக ஜில்லா ஆபீசில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அடுப்படி ஆயாவுக்குச் சந்தைக் கூட்டத்தில் தலை நிமிர நேரமில்லை. கொட்டகையில் இருந்த பதினோரு பேருக்கும் அவள் நிற்பது தெரியும். அவர்களுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. ஆறாவது படத்தில் இருக்கிறாள், அவ்வளவுதானே.

மூன்று மணிக்கு அவள் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்தாள். டீ ஒரு சொட்டுத் தளும்பவில்லை.

டீ ஆறவில்லை என்பதைச் சந்தை ஒரு மாதத்துக்குள் பழகிக்கொண்டது. மனிதன் எதைத்தான் பழகிக்கொள்ளவில்லை. முதலில் கிளாஸைச் சுற்றி நாலு செங்கல் வைத்தார்கள், மாடு முட்டிவிடக் கூடாதென்று. பிறகு ஒரு அம்மாள் செங்கலுக்கு மஞ்சள் பூசினாள். சந்தைக் குத்தகைக்காரர் கயிறு கட்டி வசூல் பண்ணலாமா என்று யோசித்து, தரகர்கள் பார்த்த பார்வையில் கயிற்றைச் சுருட்டி வண்டிக்குள் போட்டுக்கொண்டார். எஞ்சினியரிங் கல்லூரியிலிருந்து ஒரு வாத்தியார் தெர்மாமீட்டரோடு வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி, மூன்றாம் நாள் தாளையெல்லாம் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கொட்டகைக்குப் போய் ஒரு டீ கேட்டுக் குடித்துவிட்டு, பஸ் ஏறினார். எதிர்க் கடைக்காரன் இது ஏதோ மருந்து கலந்த வேலை என்று சொல்லித் திரிந்தான். அவன் பெண்சாதி விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து ஒரு முழம் மல்லிகை வைத்துவிட்டுப் போனதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. பந்தயம் கட்டிய குடிகாரன் ஒருவன் அதை எடுத்து வாயில் கவிழ்த்தான். கிளாஸ் தலைகீழாக நின்றது, டீ கிளாஸுக்குள்ளேயே நின்றது, ஒரு சொட்டு இறங்கவில்லை. அவன் அதை மெல்ல நிமிர்த்தி வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அன்று முழுக்கக் குடிக்கவில்லை. ஆடிக் காற்று அடித்தது, ஐப்பசி அடைமழை கொட்டியது, மார்கழிப் பனியில் மாடு ஓட்டிவந்தவர்கள் விறைத்த கைகளை அந்த ஆவியில் காட்டிச் சூடு வாங்கிக்கொண்டு பேரம் பேசப் போனார்கள். காட்டும் முன்னால் ஒவ்வொருவரும் "அம்முணி, கொஞ்சம்" என்று கேட்டுக்கொண்டார்கள். யார் சொல்லிக்கொடுத்ததென்று தெரியாது.

வெள்ளிங்கிரி மட்டும் அந்தக் கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சந்தைக்கு வராமல் இருக்க முடியவில்லை, வந்தால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. அவசர வேலையாகக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன் என்று பெண்சாதி கலாமணியிடம் சொல்லியிருந்தார். கலாமணி அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வியாழன் தோறும் ஒரு கறுப்புக் குடையோடு வந்து கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து, கிளாஸுக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தாள், நிழல் வேண்டியது கிளாஸுக்கு இல்லை என்று தெரிந்தும். வெள்ளிங்கிரியின் விரல்கள் குழற ஆரம்பித்தன. துண்டுக்கு அடியில் அவர் மூன்று விரல் பிடித்தால் எதிராளிக்கு அது நாலா ஐந்தா என்று தெரியவில்லை. அவர் கை பேசுவதை நிறுத்திவிட்டு அழுகிறது என்று ஒரு வியாபாரி வெளியே போய்ச் சொன்னான். ஒவ்வொருவராக வேறு தரகரிடம் நகர்ந்தார்கள். அவர் கவலைப்படவில்லை. அவர் மனசில் ஒரே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது: அந்த டீ சூடாக இருக்கிறவரைக்கும் அவளுடைய ஏதோ ஒன்று இங்கே மிச்சம் இருக்கிறது. குடித்தால் முடிந்துபோகும். யார் தலை போனாலும் அதைத் தொடுவதாக இல்லை.

ஆனால் பலகையில் ஒரு குழி காலியாக இருந்தது.

அவள் இல்லாத முதல் வியாழன் சாயங்காலம் பிரகலாதன் "இருபத்துமூணு" என்று சொல்லிவிட்டு நின்றான். யாரும் கைதட்டவில்லை. யாரும் பையை எடுக்கவில்லை. பெற்றவர்கள் வந்து கெஞ்சி, இழுத்து, தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போகவேண்டியதாயிற்று. அடுத்த வாரம் டீச்சர் அச்சாக அதே மாதிரி ஒரு புதுக் கிளாஸ் வாங்கிவந்து வைத்தார். பிரகலாதன் அதை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தான். இருபத்துநாலாவது கிளாஸ் தொலைந்துபோகவில்லையே. இதோ, எதிரே, கல்லின்மேல் இருக்கிறது, யாருக்கு வைத்ததோ அவர் இன்னும் குடிக்கவில்லை, அதனால் சூடாக இருக்கிறது. ஊரே வாய் பிளந்த சங்கதியில் அந்தப் பதினோரு பேருக்கு மட்டும் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை.

ஆவணியில் ஒரு பெண் கை கழுவ மறுத்தாள். நேற்றைய வேலை முடியாமல் இன்றைய வேலையை எப்படித் தொடங்குவது? புரட்டாசியில் மூன்று பேர். தை பிறந்தபோது ஒருவரும் தட்டைத் தொடவில்லை. வியாழக்கிழமை வண்டியிலிருந்து இறங்கினால் நேரே நடந்து போய், வேப்பமரத்துக் கல்லைச் சுற்றி வரிசையாக நின்றார்கள். தெய்வானை நின்ற இடத்தில் இப்போது பதினோரு பேர் நின்றார்கள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நிழல் நகர்ந்தால் அவர்கள் நகரவில்லை. மாசியில் வெயில் ஏறியது. நித்திலா என்ற பெண், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவள், ஒரு மணி வெயிலில் கண் செருகி ஆடுவதை, திரும்பிப் பார்க்கவே கூடாது என்று பத்து மாதம் முதுகு காட்டிய வெள்ளிங்கிரி, திரும்பிப் பார்த்துவிட்டார். கலாமணி எழுந்து குடையை அந்தப் பெண்ணின் தலைக்கு மேல் கொண்டுபோனாள்.

அந்த மாதத்தோடு கடையை மூடிவிடக் கமிட்டி முடிவு செய்துவிட்டது என்று சந்தைக்குள் பேச்சு வந்தது. பிள்ளைகள் மறுபடி மெழுகுவர்த்தி ஊற்றப் போகிறார்கள். பாதிப் பேரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் போகிறார்கள். இரண்டு வருடம் கைகழுவக் கற்று, நடக்கக் கற்று, ஒரு ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கற்றதெல்லாம் ஒரு கிளாஸில் நின்றுபோயிற்று.

வெள்ளிங்கிரி அடுத்த வியாழன் விடிந்ததும் கொட்டகைக்குப் போனார். அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் போனார், பேரத்துக்கு. நூறு கிளாஸ் வாங்கித் தருகிறேன் என்றார். தகரத்தைப் பிடுங்கிவிட்டு ஓடு வேய்ந்து தருகிறேன் என்றார். இருபத்துமூன்று குழியோடு புதுப் பலகை, தேக்கில், பித்தளைப் பூண் போட்டு, என்றார். மெஹருன்னிசா டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்கிட்டப் பேசி என்னங்கண்ணா ஆகும்? பலகைக்காரன் அங்க நிக்கிறான்."

பிரகலாதன் கொட்டகை வாசலில் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். வெள்ளிங்கிரி அவன் முன்னால் போய் நின்று, தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் வலது கைமேல் விரித்துப் போட்டு நீட்டினார். எவரும் தொடப் பிடிக்காதவன், நீட்டிய துண்டை வெகு நேரம் பார்த்தான். பலகையைக் கீழே வைத்தான். துண்டுக்கு அடியில் கையை விட்டான்.

ஒரு விரலைப் பிடித்தான்.

வெள்ளிங்கிரி அவன் கையைத் தடவிப் பார்த்தார், வேறு ஏதாவது விலை உண்டா என்று. விரலை மடக்கிப் பார்த்தார், நழுவிப் பார்த்தார், முப்பது வருடம் கற்ற அத்தனை தந்திரத்தையும் போட்டுப் பார்த்தார். அவன் மறுபடி அதே ஒரு விரலைத் தேடிப் பிடித்தான். இரண்டென்றால் ஒன்றரைக்குக் கேட்கலாம், ஐந்தென்றால் நாலுக்கு முடிக்கலாம். ஒரு கிளாஸை எப்படிக் குறைத்துக் கேட்பது? மேலே மழையைப் பற்றிப் பேசக்கூட அவருக்கு வாய் வரவில்லை.

"முடிஞ்சுதுங்" என்றார், பேரம் படிந்ததும் தரகர்கள் சொல்லும் அதே குரலில்.

பதினோரு மணிக்குக் கல்லடிக்கு வந்தார். சந்தை தானாக அடங்கியது. மாடுகள்கூட மணி ஆட்டாமல் நின்றன என்று பிற்பாடு சொன்னார்கள், அது மிகையாக இருக்கலாம். கலாமணி குடையை மடக்கினாள்.

"நான் வேலையாப் போகல, கலா" என்றார் வெள்ளிங்கிரி. "அவ என்னைய அப்பான்னு கூப்பிட்டது பொறுக்காமப் போனேன்."

"தெரியுங்க" என்றாள் கலாமணி. "அன்னைக்கே தெரியும்."

"குடிச்சுப்போட்டா அவ போயிருவா."

"அவ எங்கீங்க போறா, நிக்கறா. கால் கடுக்க நிக்கறா. பத்து மாசமா நிக்கறா. நீங்கதான் போகச் சொல்லோணும்."

அவர் கிளாஸை எடுத்தார். சுட்டது. துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டார், துண்டுக்கு அடியில் விரல்கள் கிளாஸைச் சுற்றின, அந்தச் சூடு அவருடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தது. முதல் வாய் குடித்தார். டீயில் சர்க்கரை இல்லை.

அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நோயாளித் தரகனை எவனும் மதிக்கமாட்டான் என்று சந்தையில் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. நீட்டுகிற டீயை இனிக்கிறதா கசக்கிறதா என்று பார்க்காமல் கொட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் கலாமணி அவருக்கு மட்டும் தனியாகச் சர்க்கரை போடாமல் ஆற்றுவதை, வாசலிலிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தட்டைப் பிடிக்க ஐந்து மாதம் ஆனவள், யாரும் சொல்லாமல், சுவரில் எந்தப் படத்திலும் இல்லாத எட்டாவது வேலை ஒன்றைத் தானே கற்றுக்கொண்டு, வியாழனுக்கு வியாழன், சர்க்கரை கலக்குமுன் ஒரு கிளாஸை எடுத்து, அவர் மானத்தைத் துண்டு போட்டு மூடிக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

அவர் நின்றுகொண்டே குடித்தார். இரண்டு மடக்கில் முடிக்கத் தெரிந்தவர், நாக்கு நனைகிற அளவுக்கு உறிஞ்சி, நிறுத்தி, மறுபடி உறிஞ்சி, ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்தார். பன்னிரண்டு மணிக்கு வேம்பின் நிழல் அவரை விட்டு நகர்ந்தது. ஒரு மணிக்குத் தலை கிறுகிறுத்தது, கால் நரம்பு தெறித்தது. இதைத்தான், இதே இடத்தில், என்று நினைத்துக்கொண்டு உறிஞ்சினார். பதினோரு பேரும் சுற்றி நின்று அவர் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதி கிளாஸில் ஆவி நின்றது. கால் கிளாஸில் டீ வெதுவெதுப்பாயிற்று. மூன்று மணிக்கு அடியில் ஒரு வாய் மிஞ்சியிருந்தபோது அது, எந்தக் கடையில் எவன் வைத்துவிட்டு மறந்த டீயையும்போல, ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

கலாமணி எதிரே வந்து நின்றாள்.

"போதும் சாமி" என்றார் வெள்ளிங்கிரி, கல்லுக்குப் பின்னால் ஒருவரும் இல்லாத இடத்தைப் பார்த்து. "அப்பன் குடிச்சுட்டேன். நீ போ."

கடைசி வாயையும் குடித்தார்.

ஏழாவது படத்தை அவரே செய்தார். கிளாஸைக் கொண்டுபோய்த் தொட்டித் தண்ணீரில் கழுவி, துண்டில் துடைத்து, பிரகலாதனிடம் நீட்டினார். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் குழியில் வைத்தான். "இருபத்துநாலு." பதினோரு பேரும் கைதட்டினார்கள், சிரித்தார்கள், பைகளை மாட்டிக்கொண்டு வண்டிக்கு ஓடினார்கள், பத்து மாதத்து வியாழக்கிழமை ஒன்று ஒருவழியாக முடிந்து. அவர்கள் கைதட்டிய சத்தத்தில்தான் கலாமணி முதன்முதலாக வாய்விட்டு அழுதாள். மகளை மண்ணில் இறக்கிய அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. வெள்ளிங்கிரி கல்லுக்குத் திரும்பி வந்து, கிளாஸ் இருந்த வட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். வெயிலில் கிடந்த கல்லின் சூடு இருந்தது. வேறு சூடு எதுவும் இல்லை.

அடுத்த வியாழன் கடை திறந்தார்கள். பிள்ளைகள் கை கழுவினார்கள். மஞ்சள் பூசிய செங்கற்களை யாரோ எடுத்து மாட்டுக் கொட்டிலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்கள். சந்தை எதையும் வீணாக்காது. வெள்ளிங்கிரி வேப்பமரத்தடியில் துண்டோடு நின்றார். பதினோரு மணிக்கு நித்திலா தட்டைச் சாயாமல் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள், வழியில் இருந்த கன்றுக்குட்டியைப் பார்த்தாள், நிற்கவில்லை, வந்தாள். அவர் நிமிர்ந்து, பக்கத்தில் இருந்த வியாபாரிகள் எல்லோருக்கும் தெரியும்படி, முகத்தைக் கொடுத்துக் காத்திருந்தார்.

"வெள்ளிங்கிரி, டீ" என்றாள் அந்தப் பெண்.

அவள் பேரைச் சரியாகத்தான் சொன்னாள்.